ரத்தத்தில் கலக்கும்

அம்மாவின் முகத்தில் அக்கா சன்ஸ்கிரீன் பூசுவதைப் பார்த்ததும் தங்கைக்குச் சுருக்கென்றது.

"எதுக்குக்கா? அம்மாவுக்கு இது பிடிக்காதுன்னு தெரியும்ல."

"டாக்டர் சொல்லி ஒழுங்காத்தான் பூசிக்கிட்டிருந்தாங்க. இதுல இருக்கற கெமிக்கல் ரத்தத்துல கலக்கும்னு வாட்ஸ்அப்ல வந்ததை நீ அனுப்பினே. அன்னிக்கே டியூபைக் குப்பையில போட்டாங்க. அப்புறம் வருஷக்கணக்கா நடுரோட்டுல டிராஃபிக் டியூட்டி, வெறும் முகத்தோட."

"நல்லதுக்குத்தானே அனுப்பினேன்."

கன்னத்தில் புற்றுநோய் அரித்திருந்த இடத்தைச் சுற்றி அக்கா விரலால் மெல்லத் தேய்த்தாள். அம்மா முகம் சுளிக்கவில்லை.

வாசலில் வண்டி வந்து நின்றது. சித்தப்பா எட்டிப் பார்த்தார்.

"எடுத்துடலாமாம்மா?"

"கொஞ்சம் இருங்க சித்தப்பா. வெளியே வெயில் கொளுத்துது" என்ற அக்கா, டியூபைத் தங்கையிடம் நீட்டினாள்.

"கழுத்துக்கு நீ பூசு. இனிமே எந்த ரத்தத்துல கலக்கப் போகுது?"