ஆறு விநாடி

உச்சி வெயிலில் வெளுத்துக் கிடக்கும் சிமெண்ட் சைக்கிள் பந்தயத் தடத்தில் என் மருமகள் கடைசிச் சுற்றை ஓட்டிக்கொண்டிருக்கிறாள். நான்கு கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம் பன்னிரண்டு விநாடி என்ற சாதனையோடு முப்பத்தொரு வருடமாகத் தடத்துக் கரும்பலகையில் நிற்பது என் பெயர். இன்று காலை, கம்பிகளே இல்லாமல் தட்டுப்போல் மூடிய புதுச் சக்கரங்களில் அவள் அதை எட்டு விநாடி முந்தினாள். "ஓடினது சக்கரம், நீ இல்லம்மா. நம்ம குடும்பத்துக்கு ஓசிப் பேரு வேண்டாம்" என்று பலகையில் கைவைக்க விடாமல் தடுத்தவன் நான். "அப்ப உங்க சக்கரத்தைக் குடுங்க மாமா" என்றாள். இப்போது சுழல்பவை என் பழைய கம்பிச் சக்கரங்கள். காலையில் அந்தத் தட்டுகள் தூரத்து இடிபோல ஒரே சீராக உறுமின. இந்தக் கம்பிகளோ காற்றைத் துண்டு துண்டாக அறுத்துச் சீறுகின்றன. ஒவ்வொரு துண்டையும் அவள் கால்கள்தான் தள்ளியாக வேண்டும். முதுகு பலகையாகப் படிந்திருக்கிறது, தலை அசையவில்லை, முகவாயிலிருந்து வியர்வை நூலாக இறங்குகிறது. கோட்டைத் தாண்டுகிறாள். கடிகாரத்தை அழுத்திய என் கட்டைவிரல் அப்படியே இருக்கிறது. "ஐயா, நின்னது கடிகாரமா, நீங்களா?" என்கிறார் சக்கரங்களை மாற்றிக் கொடுத்த மெக்கானிக். ஐந்து நிமிடம் பத்து விநாடி. அந்த அதிசயச் சக்கரம் கொடுத்தது ஆறே விநாடி. மீதி அத்தனையும் இவள். மூச்சு வாங்கியபடி என் முகத்தையே பார்க்கிறாள். மெக்கானிக் சாக்பீஸை எடுக்கிறார். "எந்த நேரத்தை எழுதட்டும்?" "காலையில ஓட்டினதை எழுதுங்க" என்கிறேன். "கொஞ்சம் தள்ளுங்க, என் பேரை நானே அழிக்கிறேன்."