கட்டிப்போட்டவன்

"ஓனர் கையெழுத்து இல்லாம அந்த ஊசி போட முடியாது" என்றார் டாக்டர் ஹரிதா.

மேசைமேல் செவலை நாய் கிடந்தது. மூன்று நாளாகப் பச்சைத் தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வலியில்லாமல் தூங்க வைப்பதுதான் இனி அதற்குச் செய்யக்கூடிய ஒரே நல்லது.

கம்பவுண்டர் கிருஷ்ணப்பா அதன் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார். திருப்பதியில் அந்த நாய் ஆஸ்பத்திரிக்கு வந்துபோகும் எல்லோருக்கும் அவரைத் தெரியும். கை பஞ்சு, வாய் மிளகாய்.

நான்கு மாதமாகச் சனிக்கிழமைதோறும் இந்த நாய்க்கு அவர்தான் குளுக்கோஸ் ஏற்றினார். முன்னங்காலில் மயிரை மழித்து, நரம்பைத் தேடித் தேடி, "கொஞ்சம் பொறுத்துக்கோடா பங்காரு" என்று தெலுங்கும் தமிழுமாகக் கெஞ்சுவார்.

முதல் நாள் கேசியா என்ற பெண் அதை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தது. இழுத்து இழுத்துக் கயிறு கழுத்தை அறுத்துப் புழு வைத்திருந்தது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. குரைத்துக் குரைத்தே குரல் போய்விட்டது என்றார் டாக்டர். அந்தக் குரல் கடைசிவரை திரும்பவில்லை.

குடிபாலாவில் ஒரு வீட்டுக் கொல்லையில் கட்டிக் கிடந்தது, ஏழு நாள் சோறு தண்ணீர் இல்லை. கேசியா சொன்னது அவ்வளவுதான். நாயின் சீட்டில் உரிமையாளர் என்ற இடத்தில், தெரியாது என்று கிருஷ்ணப்பாவே எழுதினார்.

அன்று திட்ட ஆரம்பித்தவர்தான். கட்டிப்போட்டவன் கை விளங்காது, கால் விளங்காது, ஏழுமலையான் சும்மா விடமாட்டான் என்று வாரத்துக்கு ஒரு சாபம். டாக்டர் அதட்டினாலும் வாய் நிற்காது. கேசியா தலையைக் குனிந்துகொண்டு ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். சர்ச்சுக்குப் போகிற பெண், சாபம் கேட்டால் கூசும்போல என்று அவருக்குத் தோன்றும். இருந்தும் நிறுத்தமாட்டார்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலை, போக வர பஸ்ஸிலேயே பாதி நாள் போய்விடும். வீடு வந்ததும் கஞ்சியைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக அதன் வாயில் விடுவாள். "இது பொழைச்சா போதும்ணா, எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்று ஒருமுறை சொன்னாள். யாரோ ஒருத்தன் நாய்க்காக இப்படியும் ஒருத்தியா என்று கிருஷ்ணப்பா வீட்டில் போய்ச் சொல்லி மாய்ந்துபோனார்.

நடுவில் ஒரு மாதம் நாய் தேறியது. வாலாட்டியது. அவர் சட்டைப் பையை மோந்து பிஸ்கட் கேட்டது. பிழைத்துக்கொண்டது என்றே நம்பிவிட்டார். இன்று அந்தப் பிஸ்கட்டை அது மோந்துகூடப் பார்க்கவில்லை.

கேசியா பேனாவை வாங்கிக்கொண்டாள். எழுதாமல் படிவத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கண் கலங்கினால் கிருஷ்ணப்பாவுக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வரும்.

"அந்தப் பாவி கையெழுத்துதானே வேணும்? அட்ரஸ் குடும்மா, நான் போய் இழுத்துக்கினு வரேன். இது தவிச்ச மாதிரி அவனும் கடைசி நேரத்துல ஒரு வாய் தண்ணி ஊத்த ஆளில்லாம தவிக்கணும்!"

"குடிபாலா கல்லறைத் தோட்டத்துல இருக்காருண்ணா" என்றாள் கேசியா. "எங்க நைனா."



அவள் அப்பா தியோடர் வருஷத்துக்கு ஒருமுறை ஏழு நாள் உபவாச ஜெபத்தில் உட்காருவார். கதவைத் தாழிட்டு, போனை அணைத்துவிடுவார். நாய்க்குச் சோறு வைக்க மட்டும் பின்கதவு திறக்கும். அந்த ஏழு நாளும் கதவைத் தட்டக் கூடாது என்பது சபையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இந்த வருஷம் முதல் நாளே உள்ளே விழுந்துவிட்டார். மூன்று நாலு நாள் உயிர் இருந்திருக்கும் என்று அறுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். கொல்லையில் நாய் ஓயாமல் குரைத்தது. ஐயாவின் ஜெபம் கெடுகிறதே என்று அக்கம்பக்கத்தார் கல்லெறிந்து அதை அடக்கப் பார்த்தார்கள்.

கேசியா இதையெல்லாம் அழாமல்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, உரிமையாளர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள்.

கிருஷ்ணப்பா நாயின் தலையை விடாமலே அவளை நிமிர்ந்து பார்த்தார். "தெரியாம வாய் விட்டுட்டேன்மா, மன்னிச்சிடும்மா..."

"மூணாம் நாள் பக்கத்து வீட்டக்கா எனக்குப் போன் பண்ணாங்கண்ணா. நாய் ஒரு மாதிரி கொரைச்சிக்கினு இருக்குது, கதவைத் தட்டிப் பாக்கட்டுமான்னு கேட்டாங்க. நைனா ஜெபத்துல இருக்காரு, தட்டாதீங்கக்கான்னு நான்தான் சொன்னேன்."

அவள் நாயின் காதைத் தடவினாள்.

"சாவுக்கு வந்தவங்க, ஜெபத்துலயே போனாரு பாக்கியவான்னு சொன்னாங்க. என்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல. திட்டறதுக்குன்னு எனக்கு நீங்க ஒருத்தர்தாண்ணா இருந்தீங்க. சனிக்கிழமை எப்ப வரும்னு பாத்துக்கினே இருப்பேன்."