மூன்று சுண்ணாம்புப் பொட்டு

"நம்மட யோகட் கப்பில 'வயிற்றுக்கு நல்ல பற்றீரியா கோடிக்கணக்கில்' எண்டு போட்டிரிக்கே, அந்த ஆய்வு றிப்போட்டைக் காட்டுங்க சேர்."

கேட்டால் வேலை போகும் என்று விதுர்ஷாவுக்கு எல்லாரும் சொல்லியிருந்தார்கள். குடும்பத்தின் முதல் பட்டதாரி. இது முதல் வேலை.

முகாமையாளர் குணநேசன் சிரித்தார். "வந்து ரெண்டு மாசம், அதுக்குள்ள இன்ஸ்பெக்டரோ? இந்தாங்க பிள்ள, வடிவாப் பாருங்க."

எண்ணிக்கை உண்மைதான். ஆனால் ஆய்வுக்கு அனுப்பிய மாதிரியின் படத்தில் கப் இல்லை. ஒரு மண்சட்டி இருந்தது.

"இது தயிர்ச் சட்டியெல்லோ சேர்?"

"நம்மட யோகட்டைச் சூடாக்கித்தானே கப்பில அடைக்கிறம், அதுக்குள்ள என்ன உயிரோட இரிக்கும்? அதான் களுவாஞ்சிக்குடிச் சந்தையில திறமான தயிரா வாங்கி அனுப்பினன். வாயப் பொத்திக்கொண்டு இருந்தா வேலை நிரந்தரம்."

விதுர்ஷாவுக்குக் கோபத்தோடு சிரிப்பும் வந்தது. சட்டியின் கழுத்தில் மூன்று சுண்ணாம்புப் பொட்டு. தயிர் விற்ற வெறுஞ்சட்டி ஆள்மாறிப் போகாமல் திரும்பி வருவதற்காக அவள் அம்மா வைக்கும் அடையாளம்.

றிப்போட்டைக் கைப்பேசியில் படம் எடுத்தாள். அதைக் காட்ட மறுத்தால் நீட்டுவதற்கென்று காலையிலேயே எழுதிவைத்த விலகல் கடிதத்தை மேசையில் வைத்தாள்.

"அது எங்கட அம்மாட தயிர் சேர். நாளைக்கு இந்த றிப்போட் சந்தையில, அவட சட்டிக்குப் பக்கத்தில தொங்கும். வந்து பாருங்க."

கதவைச் சாத்தாமலே வெளியே நடந்தாள்.