யாருக்கு அறை?

மார்ச் 12, செவ்வாய். இன்று எங்கள் முதியோர் இல்லத்தின் சேர்க்கைப் படிவம் ஒன்றைத் தவறாக நிரப்பிவிட்டேன். எண்பத்தாறு வயது மாமியாரை அறுபத்து மூன்று வயது மருமகள் கைத்தாங்கலாக அழைத்து வந்திருந்தார். மாமியாரின் விவரங்களை நான் எழுதி முடித்ததும் மருமகள் எட்டிப் பார்த்தார்.

"அய்யய்யோ, சேர வந்தது நான்மா! அத்தை என்னைக் கொண்டுவந்து விட வந்தாங்க. நாப்பது வருஷம் மருமகளா இருந்தாச்சு. இனிமே நான் நானா இருக்கணும்."

மாமியார் கொஞ்சம் யோசித்தார். "அப்போ என் பையன் சமைக்கிறதையா நான் சாப்பிடணும்? எனக்கும் ஒரு ரூம் போடும்மா."

மருமகளின் முகம் வாடிவிட்டது. "இங்கேயுமா அத்தை?"

"அட போடி! மாமியாரா இருந்து எனக்கு மட்டும் அலுக்கலையா? வேற மாடியிலயே போடச் சொல்லு."

நாளை செய்ய வேண்டியது: மூன்றாம் மாடியில் ஓர் அறையைச் சுத்தம் செய்யச் சொல்வது.