மஞ்சள் கண்ணாடி வீடு

"எங்க வீட்டு ஜன்னல் எல்லாம் மஞ்சள் கண்ணாடி, டாக்டர். வெயில் உள்ள வந்தா தரையில தேன் கொட்டின மாதிரி இருக்கும்."

தங்கை சொல்லச் சொல்ல, மனநல மருத்துவர் எழுதுவதை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் அக்கா தன் உள்ளங்கையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சில மாதங்களாக அவள் வேலைக்குப் போகவில்லை. சோறு தண்ணீர் சரியாக இறங்குவதில்லை. கேட்டால் பதில் வராது. வரமாட்டேன் என்றவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள் தங்கை.

"அப்புறம் ஒரு சுழல் படி. ஏறிப் போனா மொட்டைமாடி. அப்பா என்னைத் தோள்ல தூக்கி வச்சு, மேகத்தைத் தொடுன்னு சொல்லுவார். அம்மா பாடிக்கிட்டே தலை சீவி விடுவாங்க. மழை பேஞ்சா வீடு முழுக்க மணி அடிக்கிற மாதிரி சத்தம் கேக்கும். இப்பவும் மனசு சரியில்லன்னா கண்ணை மூடிக்குவேன். அங்க போயிடுவேன்."

"எதுவரைக்கும் அங்க இருந்தீங்க?"

"எனக்கு நாலு வயசு வரைக்கும். அம்மா போனப்புறம் சித்தி எங்களைக் கூட்டிட்டு வந்துட்டாங்க."

மருத்துவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அதான் எனக்குப் பிடிபடல. சின்ன வயசுல வாழ்ந்த இடம் மூளையோட ரசாயனத்தையே மாத்திடலாம். பயந்து வளர்ந்த குழந்தைக்கு, பெரியவளானப்புறம் திடீர்னு மனசு இருண்டு போகும். ஆனா நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல வளர்ந்தவங்க. உங்க முகத்துல சிரிப்பு ஒட்டிக்கிட்டே இருக்கு. அக்காவுக்கு மட்டும் ஏன் இப்படி?"

"நானும் அதைத்தான் கேக்கறேன், டாக்டர்." தங்கை அக்காவின் பக்கம் திரும்பினாள். "அந்த வீட்டுல என்னைவிட அதிக நாள் இருந்தது அக்காதான்."

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. நான் அவங்ககூடத் தனியா பேசறேன்."

அக்காவின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டுத் தங்கை வெளியே போனாள். கதவு சாத்திக்கொண்டது. திரைச்சீலை மெல்ல உப்பி, மெல்ல அடங்கியது. மருத்துவர் அவசரப்படுத்தவில்லை.

"குட்டிகிட்ட சொல்ல மாட்டீங்களே?"

அங்கே வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"சொல்ல மாட்டேன்மா."

"நாங்க இருந்தது ஒரே ஒரு ரூம். ஜன்னலே கிடையாது. அப்பா அம்மாவை அடிக்க ஆரம்பிச்சா, நான் குட்டியைத் தூக்கிட்டுக் கட்டிலுக்கு அடியில போயிடுவேன். அந்தச் சத்தம் அவளுக்குக் கேக்கக் கூடாதுன்னு, காதோட வாய் வச்சு ஒரு வீட்டைச் சொல்லிக்கிட்டே இருப்பேன்."

மருத்துவர் பேனாவை மூடி வைத்தார்.

"அவ அந்த வீட்டுலயே வளர்ந்துட்டா, டாக்டர். ரூம்ல வளர்ந்தது நான் மட்டும்தான்."