கிராபிக்ஸ் கார்டுக்குச் சாயம்

"ரேம் பதினாறு. ஆனா ஒண்ணா வேண்டாம்ணே, எட்டு எட்டா ரெண்டு குடுங்க" என்று நான் சொன்னதும் சுயம்புலிங்கம் அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

தேனியில் பழைய பேருந்து நிலையம் பக்கம், மாடியில் இருக்கிறது அவர் கடை. கேம் விளையாடுவதற்கென்று கம்ப்யூட்டரை உதிரி உதிரியாக வாங்கி வீட்டிலேயே மாட்டிக்கொள்கிறவர்கள், போடியோ கம்பமோ ஆண்டிபட்டியோ, அவரிடம்தான் வந்தாக வேண்டும்.

நானும் என் மனைவி ஹேமாவதியும் போடியிலிருந்து வந்திருந்தோம். அவள் அங்கே ஒரு ஏலக்காய்க் குடோனில் தரம் பிரிக்கிறவள்.

"தங்கச்சி அங்கன ஃபேனுக்கு அடியில உக்காரட்டும்" என்று அவளுக்கு ஒரு ஸ்டூலைக் காட்டிவிட்டு, அண்ணன் என்னிடம் வியாபாரத்துக்கு வந்தார்.

கையில் நாற்பத்தைந்தாயிரம். இரண்டு வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது. அதற்கு மேல் ஒரு ரூபாய் புரட்ட வழியில்லை.

அன்றைக்கு என் வாய்க்கு ஈடு கிடையாது. வண்ண விளக்கு எரிகிற கேபினட்டைக் காட்டினார். விளக்குக்குக் கொடுக்கிற காசை வேறு எதிலாவது போடலாம், சாதாரணமானது போதும் என்றேன். புதிதாக வந்த பிராசஸரைக் காட்டினார். போன வருடத்து மாடலே இந்த வேலைக்கு அதிகம் என்றேன். பவர் சப்ளையில் ஆயிரம் ரூபாய் குறைக்கலாமே என்றார். அதில் மட்டும் கை வைக்க வேண்டாம், அது போனால் மற்றதையும் கூட்டிக்கொண்டு போகும் என்றேன்.

'தம்பி' என்று ஆரம்பித்தவர் பாதியில் 'சார்' என்று மாறிவிட்டார்.

எல்லாம் போக, பன்னிரண்டாயிரம் மிச்சம் நின்றது. கிராபிக்ஸ் கார்டு பாக்கி.

கேமுக்கு உயிரே அதில்தான். புதிது வாங்க அந்தப் பணம் காணாது. பழையதுதான் வாங்க வேண்டும். பழையது காலை வாரினால் திருப்பி எடுக்க மாட்டார்கள். வாங்கிய அத்தனையையும் துணி போட்டு மூடி வைத்துவிட்டு, மறுபடி ஒரு வருடம் சேர்க்க வேண்டியதுதான்.

அண்ணன் ஒரு கார்டை எடுத்து வைத்தார். கன்னங்கரேலென்று பளபளத்தது. மதுரையில் ஒரு காலேஜ் பையன் ஆறே மாதம் பயன்படுத்தியதாம். திரையில் போட்டும் காட்டினார். படம் ஜம்மென்று ஓடியது. நான் மயங்கிவிட்டேன். பணத்தை எடுக்கச் சட்டைப் பைக்குள் கைகூட விட்டுவிட்டேன்.

"இங்கன குடுங்க, பாப்போம்" என்று ஹேமாவதி ஸ்டூலை விட்டு எழுந்து வந்தாள்.

கார்டை வாங்கி மோந்து பார்த்தாள். அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கண்டுகொள்ளவில்லை. பாட்டில் தண்ணீரில் துப்பட்டா நுனியை நனைத்து, ஒட்டப் பிழிந்து, கார்டின் பின்பக்கம் ஓர் ஓரத்தில் வைத்து அழுத்தித் தேய்த்தாள்.

குடோனில் ஏலக்காயை அப்படித்தான் பார்ப்பார்கள். வெளுத்த காயைப் பச்சைச் சாயத்தில் முக்கி முதல் தரத்தோடு கலந்து அனுப்புகிறவர்கள் உண்டு. ஈரத் துணியில் தேய்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

துப்பட்டா நுனி கறுத்துவிட்டது.

மை போன இடத்தில் கார்டின் பலகை பழுப்பாகத் தெரிந்தது. வருடக்கணக்கில் இரவு பகலாக ஓடிச் சூட்டில் வெந்த பலகை.

"இது ஆறு மாசம் ஓடுனது இல்லண்ணே. நல்ல சரக்கு உள்ள வச்சிருப்பீக, எடுங்க" என்றாள்.

அண்ணன் எழுந்து உள்ளே போனார். அடுத்து வந்த இரண்டையும் தேய்த்துத் தள்ளி வைத்தாள். நான்காவது கார்டைத் தேய்த்த நுனி மட்டும் கறுக்கவில்லை. அதை மாட்டச் சொல்லி, அரைமணி நேரம் கேமை ஓடவிட்டு, மேலே கையை வைத்துச் சூடு பார்த்த பிறகுதான் தலையாட்டினாள். முதல் கார்டைவிட அது இரண்டாயிரம் கூடுதல் விலை. பன்னிரண்டுக்கே கொடுத்தார். மவுஸ் ஒன்றையும் சும்மா தந்தார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தேனியையே விலைக்கு வாங்கிவிட்ட மாதிரி நின்றேன்.

பில் போட்டு முடித்ததும் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சிய நல்லாத்தான் பழக்கி வச்சிருக்கீக சார். மொத்தமா விக்கிறவுக எனக்கே இப்பிடித்தான் மை தடவித் தள்ளிவிட்டுர்றாக. அடுத்த வாரம் நாப்பது கார்டு வருது. வந்து பாத்துக் குடுங்க, கார்டுக்கு நூறு ரூவா தந்துர்றேன். நம்பர் சொல்லுங்க."

பத்து எண்ணையும் நிதானமாகச் சொன்னேன். சரிதானா என்று பார்க்க அவர் உடனே ஒரு கால் கொடுத்தார்.

ஹேமாவதியின் கைப்பைக்குள் போன் அடித்தது.

நான் வேறு யார் நம்பரைக் கொடுப்பேன்? நான் போடியில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவன். ரேம் எதற்கு என்று இந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது. அண்ணன் எதைக் காட்டுவார், அதற்கு என்ன சொல்லி மறுக்க வேண்டும் என்று தேனி வரும்வரை பஸ்ஸில் மூன்று தடவை என்னை ஒப்பிக்க வைத்தவள் அவள். இதில் விளையாடப் போகிறவளும் அவள்தான். போனில் விளையாடும்போதே முதல் நிமிடத்தில் செத்துப்போகிறேன் என்று என்னைத் தன் அணியில்கூட அவள் சேர்ப்பதில்லை.

அவள் அழைப்பைத் துண்டிக்கவில்லை. அண்ணனுக்கு மூன்றடி தள்ளி நின்றுகொண்டு, போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"சொல்லுங்கண்ணே, ஹேமாவதிதான் பேசுறேன். போன வாரம் நான் ஒத்தையா வந்து இதே பட்டியலத்தான் உங்ககிட்ட நீட்டுனேன். ஏறெடுத்துக்கூடப் பாக்காம, வீட்டுல ஆம்பளையாள் இருந்தா கூட்டிட்டு வாம்மான்னு சொன்னீக. கூட்டிட்டு வந்துட்டேன்."