சிங்கத்துக்கு ஒரு முத்தம்

தமயந்தியின் அறுவைச் சிகிச்சைக்கு முன், தேனிலவுக்குப் போன பழைய கோட்டை நகரமான ஜிரோனாவுக்கே இரண்டு நாள் போய்வரலாம் என்று எதிராஜ் அறை தேடினான். இருவர் என்று குறித்தால், கணினி ஒருவர் என்றே காட்டியது. மறுபடி குறித்தான். மறுபடியும் ஒருவர்.

“அந்தக் கல் சிங்கத்தோட பின்பக்கத்துல முத்தம் கொடுத்தவங்கதான் அந்த ஊருக்குத் திரும்பி வருவாங்களாம். நீங்க கொடுத்தீங்க. நான்தான் வெட்கப்பட்டு நின்னுட்டேன்,” என்றாள் தமயந்தி.

“அதைக் கம்ப்யூட்டருக்கு யார் போய்ச் சொன்னாங்களாம்?” என்று சிரித்தவன், அவள் சிரிக்காததைக் கண்டு சிங்கத்தின் படத்தைத் தேடி எடுத்தான்.

தமயந்தி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, குனிந்து படத்துக்கு முத்தம் கொடுத்தாள்.

“இப்போ பாருங்க.”

எதிராஜ் பொத்தானின் மேல் விரலை வைத்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.